மேல் துணி தயார், டிசைன்தான் தெரியவில்லை: கைக் குவில்டிங் கேள்வி பதில்

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் பேட்ச்வொர்க் முடிந்துவிட்டது, மடித்து அலமாரியில் வைத்தாயிற்று, அதன்மேல் என்ன டிசைன் தைப்பது என்று புரியவில்லை. இந்த நிலையில் நிற்பவர்களுக்குத்தான் இன்றைய கேள்வி பதில். இருபது வருடமாகக் கையால் தைக்கிறேன், மெஷின் பக்கம் போனதில்லை. குவில்ட் என்னும் போர்வை மூன்று அடுக்கு: மேல் துணி, அடித்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு. எங்கள் வீட்டில் பேட்டிங் என்று சொன்னால் இன்னும் டிவி பக்கம்தான் திரும்புகிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல்தான் குவில்டிங். சரி, கேளுங்கள்.

புது ஊசி: வணக்கம் அக்கா. நாலு அங்குலச் சதுரங்கள், மொத்தம் 300. 60க்கு 80 அங்குலம் வந்திருக்கிறது. பாதிச் சதுரம் பூப்போட்ட துணி, பாதி வெள்ளை. படத்தில் பார்த்த இறகு வளையம் தைக்க ஆசை. வருமா?

தைக்கலாம், ஆனால் தைத்தது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்த படம் அநேகமாக பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர் கவுண்டியின் ஆமிஷ் என்ற எளிய வாழ்க்கைக் கிறிஸ்தவ மக்கள் தைத்த பழைய குவில்டாக இருக்கும். அவர்கள் பூப்போட்ட துணியே வைக்கமாட்டார்கள். ஒரே நிறத்தில் அகலமான கம்பளித் துணியை நடுவில் விட்டு, அதில் வளையத்தைத் தைப்பார்கள். நிழல் விழுந்து ஒவ்வொரு இறகும் எழுந்து நிற்கும். உங்கள் மேல் துணியில் அந்த வளையம் வெள்ளையில் பாதி தெரியும், பூவுக்குள் பாதி தொலையும். மூன்று மாதம் தைத்துவிட்டு அது எங்கே என்று தேட வேண்டிவரும்.

உங்களுக்கு நான் சொல்வது சாய்வுக் கட்டம். இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் செய்வதுபோல் சதுரத்தின் மூலைக்கு மூலை கோடு போடாதீர்கள். உங்கள் மேல் துணிக்குள் நாலு சதுரம் சந்திக்கும் முனைகள் 266 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மடிப்புத் துணி அடுக்கடுக்காகக் கிடக்கும். மூலைக்கு மூலை போனால் அத்தனை முனையிலும் ஊசி முட்டும். கோட்டை அரைச் சதுரம் தள்ளி, சதுரத்தின் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து அடுத்த பக்கத்தின் நடுவுக்குப் போகிற மாதிரி வையுங்கள். பார்க்க அதே கட்டம்தான், ஒரு முனையையும் தொடாது. கோடுகளுக்கு நடுவே 2.8 அங்குலம் வரும். மொத்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 86 மீட்டர். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் சுமார் 27,000 தையல். பயப்பட வேண்டாம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தால் தீர்ந்துவிடும்.

டிசைனைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். துணியைத் திருப்பிப் போட்டு, துண்டுகளை இணைத்த மூட்டுகள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்கு இதைத்தான் பத்து தடவை சொல்லப்போகிறேன்.

ஈரோட்டு வாசகி: கோடுகளுக்கு இடையே எத்தனை அங்குலம் விடலாம் மேடம்?

பேட்டிங் பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும். சிலவற்றுக்கு 3 அல்லது 4 அங்குலம், ஊசியால் குத்தி இறுக்கிய வகைக்கு 8, 10 அங்குலம்வரை. அந்த அளவைத் தாண்டினால் துவைக்கும்போது உள்ளே உருண்டை உருண்டையாகச் சேரும். பழைய அமெரிக்கக் குவில்ட்களில் கோடுகள் அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் காலத்துப் பஞ்சு பிடிப்பில்லாதது, நெருக்கித் தைக்காவிட்டால் நகர்ந்துவிடும். மெத்தைக்கடையில் உதிரிப் பஞ்சு வாங்கிப் பரப்புகிறவர்களுக்கும் இதே கதிதான். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஓடும்.

மழைக்கால வேலை: டிசைன் வரைய, சூடு பட்டால் மறையும் பேனா நல்லதா? இஸ்திரி போட்டதும் போய்விடுகிறதே.

போய்விடவில்லை, ஒளிந்துகொள்கிறது. அந்த மை 60 டிகிரி சூட்டுக்கு மேல் நிறமில்லாமல் ஆகும், கடுங்குளிரில் மறுபடி நிறம் வரும். குளிர்நாட்டில் இருக்கும் மகளுக்குக் குவில்ட் அனுப்பி, பார்சல் பிரித்ததும் கோடெல்லாம் பல்லிளித்த கதை எனக்கே நடந்திருக்கிறது. கறுப்பு, கருநீலத் துணியில் வெள்ளையாகத் தடம் வேறு விடும். டெய்லர் சாக்பீஸ் போதும், தைக்கத் தைக்க அன்றைக்குத் தேவையானதை மட்டும் வரையுங்கள். நேர்கோடு என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரமாகத் தைத்துவிட்டு உரித்துவிடலாம், ராத்திரி முழுக்க ஒட்டி வைக்காதீர்கள், பசை இறங்கும். தேய்ந்துபோன குளியல் சோப்பின் சில்லும் கருப்புத் துணியில் அழகாகக் கோடு போடும்.

ரெண்டு பையன் அம்மா: மெஷினில் இதே டிசைன் போடலாமா?

என் துறை இல்லை. மெஷின்காரர்களைக் கேளுங்கள்.

மார்கழி: அக்கா, சிக்குக் கோலத்தைக் குவில்டிங் டிசைனாக வைக்கலாமா? என்னுடையதும் சதுரங்கள்தான், ஐந்து அங்குலம். மாமியார், கோலத்தைப் போர்த்திக்கொள்வதா என்கிறார்.

மாமியாருக்கு முதல் பதில்: கோலத்தைத் தினமும் வாசலில் மிதித்துக்கொண்டுதானே போகிறோம், போர்த்திக்கொண்டால் என்ன?

கேள்வி அருமை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சதுரத்துக்கு ஒரு புள்ளி, சரியாக நடுவில் வையுங்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். பக்கத்துப் புள்ளிக்குத் தாவும் இடம் இரண்டு புள்ளிக்கும் நட்டநடு. அந்த நட்டநடு எது? இரண்டு சதுரம் ஒட்டிய மூட்டின் மையம். அதாவது புது ஊசிக்கு நான் சொன்ன அரைச் சதுரம் தள்ளிய கட்டம்தான் சிக்குக் கோலம், ஓரங்களை மட்டும் வளைத்துவிட்டிருக்கிறது. தடித்த முனைகளை அது தானாகவே ஒதுக்கிவிடும். தரையில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதை வரையச் சொல்லித்தர வேண்டாம். புள்ளி மட்டும் சாக்பீஸில் வைத்துவிட்டுக் கோடில்லாமலே தைக்கிறவர்களும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. ஒற்றைக் கோட்டுக் கோலம் என்பதால் நூலை வெட்டாமல் தைக்கலாம் என்று நினைக்காதீர்கள். குவில்டிங் நூல் முழங்கை நீளம், மிஞ்சினால் 18 அங்குலம்தான் எடுக்க வேண்டும், அதற்கு மேல் உரசி நைந்துவிடும். முடிச்சு எப்படியும் பல இடத்தில் வரும். நூலைச் சுண்டி இழுத்து முடிச்சைப் பேட்டிங்குக்குள் நுழைத்துவிடுங்கள். அப்புறம், கோடு நாலு திசையும் திரும்புவதால், துணியை மாட்டியிருக்கும் தையல் வளையத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை தன்னை நோக்கித் தைக்கத்தான் விரும்பும்.

நூல்கண்டு: மன்னிக்கணும், எனக்கு ஒப்பவில்லை. பேட்ச்வொர்க்கை அவ்வளவு கணக்குப் பார்த்துச் சேர்த்துவிட்டு, அதைக் கண்டுகொள்ளாத கோலத்தையும் கட்டத்தையும் மேலே போடுவது எதற்கு? தையல் துண்டுகளின் ஓரத்தைத்தான் பின்தொடர வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்.

வாங்க, சண்டை போடலாம்.

ஓரத்தைப் பின்தொடர இரண்டு வழி. ஒன்று, மூட்டுப் பள்ளத்திலேயே தைப்பது. பள்ளத்தில் இறங்கிய தையல் யார் கண்ணுக்கும் தெரியாது. மெஷின்காரர்களுக்கு அது வசதி. கையால் அத்தனை மணி நேரம் உட்கார்ந்து, தெரியாத ஒன்றையா தைப்பீர்கள்? இன்னொன்று மூட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பது. இதை நானும் மதிக்கிறேன். மூட்டு மடிப்பு கால் அங்குலம், அதைத் தாண்டியதும் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

ஆனால் மேல் துணியைக் கண்டுகொள்ளாத டிசைன் தப்பு என்பது வரலாறு தெரியாத பேச்சு. பிரிட்டனின் வேல்ஸில் ஒட்டுத்துணிக் குவில்ட்கள் பலவற்றில் சுருள்களும் வட்டங்களும் நடுவிலிருந்து கரைவரை, துண்டுகள் எங்கே முடிகின்றன என்று பார்க்காமலே போகும். அமெரிக்காவில் பாப்டிஸ்ட் விசிறி என்று ஒரு டிசைன்: முழங்கையை ஊன்றி, கை எட்டும் தூரத்துக்கு வில் வில்லாக அடுக்குவது. தேவாலயப் பெண்கள் குவில்ட்டை மாட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு விசிறியாக மேல் துணியைப் பற்றிக் கவலைப்படாமல் தைத்தார்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்கள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தன. அவற்றிலும் துண்டுகளின் ஓரத்தோடு உடன்படாத வில்கோடுகளைப் பார்க்கலாம்.

நூல்கண்டு: நடுச் சதுரத்தைச் சுற்றி மெல்லிய பட்டைகளை அடுக்கும் லாக் கேபின் பேட்ச்வொர்க்கில் விசிறி தைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அங்குலத்துக்கு ஒரு மூட்டு. விரல் என்ன ஆகும்?

பார்த்திருக்கிறேன். விரல் போயிற்று. அதை ஒப்புக்கொள்கிறேன்: லாக் கேபினில் நீங்கள் சொல்வதுதான் சரி, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு கோடு, முடிந்தது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் உங்கள் காரணம் பேட்ச்வொர்க்குக்குக் காட்டும் மரியாதை, என் காரணம் ஊசி முட்டும் மூட்டு. பெரிய சதுரமும் நீளப் பட்டையும் இருந்தால் விசிறியை விடமாட்டேன். நேர்கோட்டுத் துண்டுகள்மேல் வளைகோடு ஓடும்போதுதான் இரண்டுமே தெரிகின்றன. ஓரத்தோடு ஓரமாக ஓடினால் ஒன்று மற்றதன் நிழல்.

பெங்களூரு பாட்டி: உங்கள் இரண்டு பேர் சண்டையும் தேவையில்லை. எங்கள் கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதைப் பாருங்கள். மேல் துணி என்று தனியாக ஒன்று கிடையாது.

பாட்டி ஜெயித்துவிட்டார்கள். உத்தர கன்னடத்துப் பக்கம் வாழும் சித்திகள், அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே வருவார்கள். துண்டைப் பிடிக்கும் தையலே குவில்டிங் தையல். டிசைன் தேர்வு என்ற தலைவலியே இல்லை. நாலு மூலையிலும் பூ என்று சொல்லி மடித்த துணியை வைக்காமல் முடிக்கமாட்டார்கள்.

தறிக்காரர் மகள்: அங்குலத்துக்கு 12 தையல் வந்தால்தான் நல்ல குவில்டிங் என்கிறார்களே?

மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் ஆறு, ஏழு போதும். சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிட்வீன்ஸ் என்கிற குட்டையான குவில்டிங் ஊசியில் எண் 10 எடுத்து ஆரம்பியுங்கள். எண் கூடக் கூட ஊசி குட்டையாகும். நடுவிரலில் ஊசி குத்தாமல் காக்கும் விரல்தொப்பி போடாமல் ஒரு நாள்கூடத் தைக்காதீர்கள்.

கரைத்துணி: ஆறு அங்குல பார்டரில் முறுக்குக் கயிறு டிசைன். மூலையில் ஒருபோதும் பொருந்துவதில்லை.

அளவு எடுக்காதீர்கள், காகிதம் மடியுங்கள். பில் ரோலோ செய்தித்தாளோ, பார்டரின் உள்பக்க நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று மடித்தால் எட்டுச் சம பாகம். ஒரு பாகத்துக்கு ஒரு முறுக்கு, நீளம் அதிகமென்றால் இரண்டு. அகலப் பக்கத்துக்குத் தனிப் பட்டை. இரண்டு முறுக்கும் அரை அங்குலம் வித்தியாசப்பட்டால் ஒருவருக்கும் தெரியாது. மூலைக்குத் தனியாக ஒரு வட்டம் வைத்து இரண்டு பக்கத்துக் கயிற்றையும் அதில் கொண்டுபோய் முட்டவிடுங்கள், திருப்பவே வேண்டாம்.

வேலூர் அக்கா: கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடணும்?

மேலே ஈரோட்டு வாசகிக்குச் சொன்னது.

எட்டு முனை: எட்டு முனை நட்சத்திரம், நடுவில் ஊசி இறங்கவே மாட்டேன் என்கிறது.

எட்டு மூட்டு ஒரே புள்ளியில் வந்தால் எப்படி இறங்கும்? அரை அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, ஊசியைப் பேட்டிங்குக்குள் நகர்த்தி அடுத்த இதழுக்குப் போய்விடுங்கள். நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் வெற்றுத் துணிதான் உங்களுக்கு மேடை. இறகோ சுருளோ, ஆசைப்பட்டதை அங்கே தையுங்கள்.

காட்டன் புடவை: நடுவில் பேட்டிங்குக்குப் பதில் பழைய புடவை வைக்கலாமா?

தாராளமாக. வங்காளத்துக் காந்தா அப்படித்தான் வந்தது, பழைய புடவை அடுக்குகள்மேல் ஓட்டுத்தையல். நம் வெயிலுக்கு அதுதான் போர்த்த முடியும். புடைத்து நிற்காது என்பதால் நிழலை நம்பும் டிசைன் வேண்டாம், கலர் நூலை நம்புங்கள். அடித்துணிக்கு மட்டும் நெருக்கமாக நெய்த பெட்ஷீட்டைப் போடாதீர்கள், ஊசி போகாது.

சேலம் தையல்: அக்கா, இடைவெளி எத்தனை அங்குலம்?

பொட்டலம். பொட்டலத்தைப் படியுங்கள்.

அவசரம்: உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் சூட்டில் மறையும் பேனாவில் முழு டிசைனும் வரைந்து, இஸ்திரியும் போட்டுவிட்டேன். இப்போது?

மூச்சு விடுங்கள். மேல் துணியின் ஒரு மூலையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட முடிகிறதா பாருங்கள். ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கோடு திரும்பி வந்திருந்தால் துவைத்துப் பார்த்து, மறுபடி அதே மூலையை ஃப்ரீசரில் வையுங்கள். அப்போதும் தெரிந்தால் அந்தக் கோட்டின் மேலேயே தைத்து மறைக்கத் தடித்த நூலும் பெரிய தையலும்தான் வழி. நாளைக்கு என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுங்கள், காய்கறி எடுத்து வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.