காரை விற்பதற்கு முன் சீசன் டிக்கெட் எடுங்கள்

கேள்வி: ஊரப்பாக்கத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசுக்குத் தினமும் காரில் போகிறேன். ஒரு பக்கம் 25 கி.மீ.தான். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஆகிறது. பல்லாவரம் தாண்டுவதற்குள் இடது கால் மரத்துப்போகிறது. காரை விற்றுவிட்டு ரயில், மெட்ரோ என்று மாறலாமா? ஒரு புரோக்கர் நல்ல விலை சொல்கிறார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், பார்ட்டி கிடைத்ததும் பெயர் மாற்றிவிடுகிறேன் என்கிறார். கார் லோன் போன வருடமே முடிந்துவிட்டது. இல்லையென்றால் உடன் வேலை செய்பவர்களை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: விற்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். அந்தப் புரோக்கரிடம், அவர் சொல்கிற முறையில், எந்த மாதமும் வேண்டாம்.

முதலில் பயணம். போகவர 50 கி.மீ., மாதம் 22 வேலைநாள் என்றால் 1,100 கி.மீ. ஜி.எஸ்.டி. சாலையில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் ஊர்கிற பெட்ரோல் கார் லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தாலே பெரிது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் பத்தாயிரம் எரிகிறது. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே நகர்வதால் கிளட்ச் பிளேட் தேய்வது தனிச் செலவு. உங்கள் கால் மரத்துப்போவதும் அதே பாதிக் கிளட்ச்சால்தான்.

உங்கள் வழிக்கு ரயில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஊரப்பாக்கத்தில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். மெட்ரோ நிலையம் அங்கேயே ஒட்டியிருக்கிறது. பச்சை வழித்தடத்தில் அடுத்த நிலையம் ஆலந்தூர், அதற்கடுத்தது ஈக்காட்டுத்தாங்கல். கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். கிண்டி நீல வழித்தடத்தில் இருக்கிறது. ஆலந்தூரில் இன்னொரு முறை மாறி ஏறவேண்டி வரும்.

தொல்லை மாலையில்தான். பரங்கிமலையில் முதலில் வருகிற வண்டியில் ஏறிவிட்டால் அது தாம்பரத்தோடு நின்றுவிடலாம். நீங்கள் பார்க்கவேண்டியது செங்கல்பட்டு வரையோ, குறைந்தது கூடுவாஞ்சேரி வரையோ போகிற வண்டி. தாம்பரத்துக்குத் தெற்கே ஊரே குடிவந்து பல வருடம் ஆகிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். வண்டிகள் மட்டும் பழைய பழக்கத்தில் தாம்பரத்தோடு திரும்பிக்கொண்டிருக்கின்றன. அதனால் உங்களுக்குத் தோதான இரண்டு மாலை வண்டிகளின் நேரத்தைக் குறித்துவைத்து, அதற்கேற்ப ஆபீசிலிருந்து கிளம்புங்கள். கிளம்பியபிறகு வண்டி தேடினால் ஒரு வாரத்தில் காருக்கே திரும்பிவிடுவீர்கள்.

சீசன் டிக்கெட்டை முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஒத்துவந்தால் மூன்று மாதத்துக்கு எடுக்கலாம், 2.7 மாதக் கட்டணம்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இரண்டாம் வகுப்பு சீசனோடு அவசரத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினால் அபராதமே குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி. சீசன் மெட்ரோவில் செல்லாது. அதற்குச் சிங்காரச் சென்னை அட்டையோ க்யூஆர் டிக்கெட்டோ வைத்துக்கொண்டால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு.

அந்த ஒரு மாதமும் கார் வீட்டில் நிற்கட்டும். வாரம் ஒருமுறை பத்து கி.மீ. ஓட்டினால் பேட்டரி இறங்காது. ஓட்டம் குறைந்தபின் காரை வைத்துக்கொள்வதென்று முடிவானால், கார் இன்சூரன்ஸில், ஓடும் கி.மீ.க்கு ஏற்பப் பிரீமியம் குறைகிற கூடுதல் பிரிவு 2022-லிருந்து இருக்கிறது. அடுத்த புதுப்பித்தலில் கேளுங்கள். சொந்த சேதப் பிரீமியம் மட்டும்தான் குறையும், மூன்றாம் நபர் பிரீமியம் குறையாது.

உடன் வேலை செய்பவர்களை ஏற்றிக்கொள்வது பற்றி: நட்பில் பெட்ரோல் போட்டுக் கொடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கூலி வாங்க ஆரம்பித்தால் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவதாகிவிடும், இன்சூரன்ஸ் கைவிரிக்கும். உங்களிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் இலவசமாக ஏறியவருக்கே பாதுகாப்பு கிடையாது. சொந்த சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி இல்லாமல் யாரையும் தினமும் ஏற்றாதீர்கள்.

இப்போது புரோக்கர் விஷயம்.

படிவம் 29 என்பது, இந்த வண்டியை இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று விற்பவர் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் அறிவிப்பு. இரண்டு பிரதி வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-இல் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பகுதி உண்டு. வாங்குபவர் பெயர் எழுதாத இந்த இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், காரைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள். புரோக்கர் ஏன் தன் பெயருக்கு மாற்றுவதில்லை? கட்டணம் மிச்சம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஓனர் எண்ணிக்கை கூடாததால் அடுத்த பார்ட்டியிடம் விலையும் குறையாது. அவர் கையிலிருந்து இன்னொரு புரோக்கர், அங்கிருந்து வேறு ஊர் என்று அந்த வெற்றுப் படிவம் காரோடு சுற்றும்.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு, ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் இருப்பவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. நடுவில் பாலிசி காலாவதியாகியிருந்தால் தீர்ப்பாயம் சொல்கிற தொகை உங்கள் தலையில். டெலிவரி நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வாங்கியிருக்கிறேனே என்பார்கள். போலீசிடம் காட்ட அது உதவும், இழப்பீட்டு வழக்கில் காப்பாற்றாது.

ஆகவே வாங்குபவர் நேரில் வரட்டும். அவருடைய ஆதார் நகல், முகவரி, போன் எண் மூன்றையும் வாங்குங்கள். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து பதிவுசெய்து, கட்டணம் கட்டி, விண்ணப்ப எண் வந்தபிறகு சாவி. ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரவேண்டும். ஆர்.சி.யில் பழைய போன் எண் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். எல்லாம் ஆன்லைன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் அச்செடுத்து இரண்டு பிரதியாகக் கொண்டுவா என்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிப்பது உங்கள் கடமை. வாங்கியவர் இழுத்தடித்தால் அவர் பெயரை நிரப்பிய படிவம் 29-ஐ நீங்களே ஒப்புகையோடு தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வியாபாரியிடமே கொடுப்பதென்றால் ஒரு வழி இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து, பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். அப்படிப்பட்டவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி பதிவானால், அதற்குமேல் வண்டிக்குப் பொறுப்பு அவர்தான். உங்கள் புரோக்கரிடம், "உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கேயே மாறும். இவ்வளவு நல்ல விதியை எழுதிவிட்டு அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் சாமர்த்தியம் நம் போக்குவரத்துத் துறைகளுக்கே உரியது.

லோன் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் ஏற்றிய வங்கி அடமானக் குறிப்பை, கேன்சல் செய்தீர்களா? பெரும்பாலானோர் செய்வதில்லை. கடைசித் தவணை கட்டியதும் வங்கி, கடன் பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி. கடிதமும், அடமானத்தை நீக்கக் கோரும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் தரும். அதைப் பீரோவில் வைத்துவிட்டால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். கடன் இல்லையே என்று நீங்கள் நினைப்பீர்கள், ஆர்.டி.ஓ. கணக்கில் வண்டி இன்னும் அடமானத்தில்தான். பெயர் மாற்றம் அதைத் தாண்டி நகராது. அந்த என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு போட்டிருப்பார்கள். உங்களுடையது போன வருடத்தது, காலாவதியாகியிருக்கும். வங்கியில் புதிதாகக் கேளுங்கள். கிளையில் கொடுக்காமல் லோன் பிரிவுக்குக் கைகாட்டினால் எழுத்தில் விண்ணப்பித்து முத்திரை வாங்குங்கள். படிவம் 35 இரண்டு பிரதியிலும் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா, இன்ஜின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரு இலக்கம் பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள். இந்தச் சிக்கலைக் காட்டித்தான் புரோக்கர், "எச்.பி. வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று விலையில் கைவைப்பார். நீங்களே செய்தால் ஆகிற செலவு அரசுக் கட்டணமும் ஓரிரு அலைச்சலும்தான்.

பெயர் மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் என்.சி.பி. கடிதம் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி உங்களுடையது, காருடையது அல்ல. மூன்று வருடத்துக்குள் வேறு கார் வாங்கினால் அதில் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கிழித்துப்போட்டால் மட்டும் போதாது, வங்கியில் சொல்லிக் கணக்கை மூடுங்கள். மூடாவிட்டால் காரை வாங்கியவர் பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் ரயிலில் நின்றுகொண்டிருக்கும் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்.