மொட்டை மாடி டவர்: கையெழுத்துப் போட்டது யார்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 18 வீடுகள் உள்ள அடுக்ககம். 2009இல் வாங்கினோம், நான்காவது மாடி. 20 மாதங்களுக்கு முன் எங்கள் தலைக்கு மேலேயே மொட்டை மாடியில் செல்போன் டவர் வைத்துவிட்டார்கள். சங்கச் செயலாளர் பொதுக்குழுவைக் கூட்டாமல் தானே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்குத் தலைவலி, தூக்கமில்லை. இரண்டாவது மாடியில் ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய். சிட்டுக்குருவி ஒன்றுகூட வருவதில்லை. 2017இல் குவாலியரில் ஒரு டவரை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டவரை அகற்றக் கோரியும் நஷ்டஈடு கேட்டும் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் முழுசாக ஒன்பது பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். எட்டரைப் பக்கத்துக்கு மேல் நோயைப் பற்றித்தான். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி: பொதுக்குழுவைக் கூட்டாமல் செயலாளர் கையெழுத்துப் போட்டார் என்பது. உங்களுக்கு வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்த வரியில்தான் இருக்கிறது.

மொட்டை மாடி செயலாளருடையது இல்லை, சங்கத்தின் சொந்தச் சொத்தும் இல்லை. அது 18 வீட்டுக்காரர்களுக்கும் பொது. 1994ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்திலும் கூரை பொதுப் பகுதிதான், அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான். பொதுச் சொத்தைப் பல வருடங்களுக்கு வெளியாருக்கு விடுவதற்குச் சங்கத்தின் துணைவிதிகள் என்ன சொல்கின்றன, பொதுக்குழுத் தீர்மானம் மினிட் புத்தகத்தில் இருக்கிறதா, ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பல ஒப்பந்தங்களில் குத்தகை என்ற சொல்லே வராமல் 'உரிமம்' (இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி) என்று எழுதிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். மொட்டை மாடி உரிமை கட்டுநருக்கே என்று எங்காவது ஒரு வரி நுழைத்திருப்பார்கள். அது சட்டப்படி எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டும்வரை நீங்கள் பார்க்காமல் இருக்கக் கூடாது.

இனி புற்றுநோய். உங்கள் மனைவியின் வேதனையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை வழக்குக்குள் கொண்டுவந்தால் தோற்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு மேல் அந்தப் பிரிவு எதுவும் சொல்வதில்லை. அதே பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. அந்த முடிவுக்குக் காரணமான ஆதாரமும் பெரும்பாலும் செல்போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசுகிறவர்களைப் பற்றியது, டவர் அருகில் குடியிருப்பவர்களைப் பற்றியது இல்லை. நம் நாட்டு வரம்பு 2012 செப்டம்பரிலிருந்து பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். வழக்கில் கம்பெனி முதலில் நீட்டும் காகிதம் இந்த வரம்புக்குள் இருப்பதற்கான சான்றிதழாகத்தான் இருக்கும். அதோடு, ஆன்டெனாவின் கதிர் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போகும். நேர் கீழே இருக்கிற உங்கள் வீட்டைவிட, எதிரே அதே உயரத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் அதிகம் விழும்.

தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டினால் உங்கள் வீட்டுக்கே வந்து அளந்து கொடுப்பார்கள். மன நிம்மதிக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வழக்குக்காக என்றால் யோசியுங்கள். அளவு வரம்புக்குள் வந்தால், உங்கள் காசில் எதிர்த்தரப்புக்கு ஒரு சாட்சி ஆவணம் வாங்கிக் கொடுத்த கதையாகிவிடும்.

குவாலியர் உத்தரவைப் பற்றி இரண்டு வரி போதும். அது அந்த ஒரு டவரை நிறுத்தச் சொன்ன உத்தரவு. டவரால் புற்றுநோய் வரும் என்று சட்டம் வகுத்த தீர்ப்பு இல்லை. பொதுநல வழக்கு என்று நினைப்பவர்கள் 2021ஆம் ஆண்டு டெல்லியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்து 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது உயர் நீதிமன்றம். அதை 2 லட்சமாகக் குறைக்கவே அடுத்த வருடம் ஜனவரி ஆனது. உங்கள் தலைக்கு மேல் இருக்கிற ஒரு டவர் உங்கள் சொந்தப் பிரச்சினை. அதற்குப் பொதுநல வழக்கு என்று பெயர் வைக்க முடியாது.

சரி, உரிமை விஷயத்தை மட்டும் வைத்து சிவில் வழக்குப் போடலாம்தானே? போடலாம். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: 'டவர் வந்த பிறகு மெயின்டனன்ஸ் 2,500 ரூபாயிலிருந்து 1,500 ஆகிவிட்டது, அதை மட்டும் ஒழுங்காகக் கட்டிவருகிறேன்.'

கடிதத்திலேயே ஆபத்தான வரி இதுதான்.

டவர் வாடகை சங்கத்துக்கு வருகிறது. அதனால் எல்லோருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. அந்தப் பலனை நீங்களும் 20 மாதம் அனுபவித்திருக்கிறீர்கள், ரசீதும் வாங்கியிருக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் உங்களைக் கூண்டில் ஏற்றி, 20 ரசீதுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, 'இது உங்களுக்குக் கொடுத்த ரசீதுதானே?' என்று கேட்பார்கள். இருபதுக்கும் 'ஆம்' என்று சொல்லி முடிப்பதற்குள் கோர்ட்டே புன்னகைக்க ஆரம்பித்துவிடும். தெரிந்தும் பேசாமல் இருந்து பலனை வாங்கிக்கொண்டவர், பிறகு எதிர்க்கிறேன் என்றால் நீதிமன்றம் ரசிக்காது. செயலாளருக்கு அதிகாரமில்லை என்ற நல்ல வாதம் இப்படி ரசீதுக் கட்டில் சிக்கிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்சிக்காரரும் படித்தவர்தான். சிக்கனமாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எனவே அடுத்த மாதத்திலிருந்து முழு 2,500ஐக் கட்டுங்கள். 'டவர் வாடகையில் எனக்கு வரும் பங்கை ஏற்கவில்லை, ஒப்பந்தத்துக்கு என் சம்மதம் இல்லை' என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் சேர்ப்பிப்புச் சான்றோடு சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய 20 மாதத்துக்கான 20,000 ரூபாயையும் கட்டிவிடுவது நல்லது. வலிக்கும். ஆனால் வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக இந்த ஓட்டையை அடைக்க முடியாது. சங்கம் வாங்க மறுத்தால் இன்னும் நல்லது, மறுத்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதற்கு மூன்று வருடக் காலவரம்பு. அதில் 20 மாதம் போய்விட்டது. இடைக்காலத் தடை கிடைத்துவிடும் என்றும் நம்பி இருக்காதீர்கள். வரப்போகிற டவரை நிறுத்த வைப்பது ஒன்று. ஏற்கெனவே நிற்கிற டவரை இடைக்கால உத்தரவிலேயே இறக்கச் சொல்வது வேறு, அது அபூர்வம். வழக்கு முடியும்வரை டவர் தலைக்கு மேல் நிற்கும். மீதி 17 வீட்டுக்காரர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும், சேர்க்காவிட்டால் அதையே ஆட்சேபமாக எடுப்பார்கள். ஆயிரம் ரூபாய் மிச்சமாகிக்கொண்டிருக்கிற 17 பேர். லிஃப்டில் அவர்களோடுதான் தினமும் ஏறி இறங்கப் போகிறீர்கள்.

செயலாளர் கமிஷன் வாங்கினார் என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திகளின் படத்தையும் இணைத்திருக்கிறீர்கள். உங்களிடம் ஆதாரம் இல்லை. அது அவதூறு. இனிமேல் அந்தக் குழுவில் டவர் என்ற சொல்லே வர வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் உங்களிடம் ஜெயிக்கக்கூடிய சுகாதாரப் புகார் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. நான்காம் பக்கத்தில், மின்வெட்டின்போது மாடியில் ஜெனரேட்டர் ஓடும், ராத்திரி அறையே அதிரும் என்கிறீர்கள். தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் அதைவிட நேரான காரணம் வேண்டுமா? சத்தத்தை அளக்க முடியும். குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். ஜெனரேட்டர் கூண்டுக்கு வெளியே ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கதிர்வீச்சைப் போல இங்கே நிபுணர்கள் தங்களுக்குள் சண்டை போட மாட்டார்கள்.

நீங்கள் என் கட்சிக்காரராக இருந்தால் சமரசத்துக்குத்தான் தள்ளுவேன். அதிகாரமில்லாத கையெழுத்து, (வில்லங்கச் சான்றில் பதிவு இல்லை என்றால்) பதிவாகாத ஒப்பந்தம், சத்தப் புகார் ஆகியவற்றை வைத்து ஒரு வக்கீல் நோட்டீஸ். புற்றுநோயும் குருவியும் அதில் வரக் கூடாது. கம்பெனிக்கு உங்கள் வழக்கு பயமில்லை, ஆனால் குறையுள்ள ஒப்பந்தத்தில் பணம் போட்டிருக்கிறோம் என்பது பயம். அந்த பயத்துக்கு விலை கேளுங்கள். ஜெனரேட்டர் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரிக்கு மாற வேண்டும். கட்டடம் பாரம் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் சான்று வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் ஆன்டெனாவை ஏற்றுவதானால் பொதுக்குழுச் சம்மதம் வேண்டும். கம்பெனி நினைத்தால் மூன்று மாத நோட்டீஸில் போகலாம், சங்கம் மட்டும் போகச் சொல்ல முடியாது என்ற வழக்கமான ஷரத்து இருந்தால், அதை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்தைக் குறையுங்கள். இவற்றில் பாதி கிடைத்தாலே, ஐந்து வருட வாய்தாவுக்குப் பிறகு கிடைப்பதைவிட அதிகம். டவர் போகாது. போகும் என்று சொல்லி யாராவது உங்களிடம் பீஸ் வாங்கினால் அவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

கடைசியாக, மொட்டை மாடிச் சாவி. தண்ணீர்த் தொட்டிக்காக ஒரு சாவி உங்களிடம் இருப்பதாகவும், பூட்டைப் போட்டு டெக்னீஷியன்களை உள்ளே விடாமல் இருந்தால் என்ன என்றும் கேட்கிறீர்கள். வேளச்சேரியில் என் கட்சிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பூட்டோடு நிற்காமல் கேபிளையும் வெட்டினார். புகார்தாரராக இருந்தவர் ஒரே நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆனார். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் இணைப்புக்குச் சேதம் விளைவித்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், நஷ்டஈடு தனி. அதன் பிறகு அவர் சமரசம் பேசப் போனது, தன் மேல் இருந்த வழக்கை வாபஸ் வாங்க வைப்பதற்காக மட்டும்தான். அந்தச் சாவியை இன்றைக்கே சங்கத்தில் ஒப்படைத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அதற்குப் பிறகு போகட்டும்.