பள்ளியில் நடப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டாமா? டீச்சரிடம் கேளுங்கள்

சென்னையில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் பதில் சொல்கிறார்.

அம்பத்தூர்: டீச்சர், எனக்கு ஷிஃப்ட் வேலை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே முக்கியமான செய்தி கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. பெற்றோர் பேசிக்கொள்ளத் தனிக் குழு இருக்கட்டும். அப்புறம், டைரியைக் கைவிடாதீர்கள்.

வியாசர்பாடி: டீச்சரம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. பேரன் ரெண்டாவது படிக்கிறான், என்கிட்டதான் வளர்றான். பள்ளிக்கூடத்துல என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அம்மா, எழுதி அனுப்பிவிட்டால் தெரிவித்தாயிற்று என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. உங்களைப் போன்றவர்கள் விட்டுப்போவது அங்கேதான். "எனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க" என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பள்ளி விடும் நேரத்தில் பார்த்தால், "எப்படிப் படிக்கிறான்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா படிக்கிறான்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "தனியா வாசிக்கிறானா? கழித்தல்ல கடன் வாங்கத் தெரியுதா?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் ஒன்றிலிருந்து ஐந்து வரை காலை உணவு உண்டு. சாப்பிடுகிறானா என்றும் விசாரியுங்கள்.

வீட்டில் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி நிற்கிறானா, தடங்கல் இல்லாமல் போகிறானா என்பது காதிலேயே தெரிந்துவிடும். விரல் ஒரு வரியில் இருக்க வாய் வேறு எதையோ சொன்னால், மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான் என்று அர்த்தம். அதை அப்படியே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

தாம்பரம்: மழை நாளில் லீவு உண்டா இல்லையா என்று யாரை நம்புவது?

மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை மட்டும். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், அதனால் சென்னைக்கு லீவு விட்டால் உங்களுக்கும் லீவு என்று ஆகாது. பழைய அறிவிப்புகளும் சுற்றி வரும், தேதியைப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை: அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ காப்பாளரோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் உங்கள் பொறுப்பு. தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கேட்டும் பலனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்குப் பேசுங்கள்.

பெரம்பூர்: நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. பெற்றோரைக் கூப்பிட்டாலே பயந்துகொண்டு வருகிறார்கள், மேடம்.

புகார் சொல்ல மட்டுமே கூப்பிட்டு நாம்தான் அவர்களை அப்படிப் பழக்கிவிட்டோம். "உங்க பொண்ணு இன்னைக்குத் தானா எழுந்து வந்து போர்டுல கணக்குப் போட்டா" என்று ஒரு நாள் போன் செய்து பாருங்கள், அடுத்த முறை அந்த அம்மா சிரித்த முகத்தோடு வருவார். குறையைச் சொல்லும்போது குழந்தையைப் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். "படிப்பே வரல" என்ற பேச்சே வேண்டாம். "ஒற்றெழுத்தில் தடுமாறுகிறாள், தினமும் பத்து நிமிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள்" என்று சொன்னால் வீட்டில் ஏதாவது செய்ய முடியும். ஒரு வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.