போக்கர் கேஷ் கேமில் லாபம், டோர்னமென்ட்டில் சறுக்கல்: ஸ்டாக்கைப் பாருங்கள்

போக்கர் டோர்னமென்ட்டில் ஸ்டாக் (உங்களிடம் உள்ள சிப்புகள்) 20 பிக் பிளைண்டுக்குக் (சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்) கீழே வந்ததும், ஃப்ளாப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு) முன் சும்மா கால் செய்வதை, அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவதை விடுங்கள். ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) அல்லது ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது). கேஷ் கேமில் (சிப்புக்கு நேரடிப் பண மதிப்புள்ள ஆட்டம்) சம்பாதித்தும் டோர்னமென்ட்டில் பாதியிலேயே வெளியேறுகிறேன் என்கிறீர்கள்; ஓட்டை பெரும்பாலும் இங்கேதான்.

கேஷ் மேசையில் 100 பிக் பிளைண்ட் இருக்கும். ஜோடி 5 வந்தால் மலிவாக ஃப்ளாப் பார்த்து, செட் (மூன்றாவது 5) விழுந்தால் அள்ளலாம். ஆனால் செட் விழுவது ஏறத்தாழ 8 முறைக்கு ஒரு முறைதான். 18 பிக் பிளைண்ட் ஸ்டாக்கில் 2 கொடுத்துக் கால் செய்தால், விழுந்தாலும் எதிராளியிடமிருந்து மேற்கொண்டு கிடைப்பது அதிகபட்சம் 16. கட்டுப்படியே ஆகாது.

மாறாக, சின்ன, பெரிய பிளைண்ட் 500/1000, பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்டில் இருப்பவர் கூடுதலாக வைக்கும் கட்டாயத் தொகை) 1000 என்றால் சீட்டு போடும்போதே நடுவில் 2500 கிடக்கிறது. பட்டனிலிருந்து (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இருக்கை) 2000க்கு ரெய்ஸ் செய்தால், 100க்கு 45 தடவை மற்றவர்கள் ஃபோல்ட் செய்தாலே நஷ்டமில்லை. ஸ்டாக் 10 பிக் பிளைண்டுக்கும் கீழே போனால், ரெய்ஸ் செய்யத் தகுந்த கையில் நேராக ஆல்-இன் (எல்லாச் சிப்பையும் வைப்பது)தான்.

சோதித்துப் பார்க்க:

1. ஹேண்ட் ஹிஸ்டரியை (ஆடிய கைகளின் பதிவு) ஸ்டாக் 40 பிக் பிளைண்டுக்கு மேல், 20–40, 20க்குக் கீழ் என்று பிரியுங்கள்.
2. கடைசிப் பிரிவில், கால் செய்துவிட்டு ஃப்ளாப்பில் ஃபோல்ட் செய்த கைகளை எண்ணுங்கள். பிக் பிளைண்டில் இருந்து செய்த கால்களைச் சேர்க்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பந்தயம் வைத்திருப்பதால் விலை மலிவு.

பரிசு வரம்பு நெருங்கும்போது மட்டும் கவனம்: உங்களைவிடப் பெரிய ஸ்டாக்கின் ஆல்-இன்னுக்குக் கால் செய்வதை நன்றாக இறுக்குங்கள். அங்கே இழக்கும் சிப்பின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்பைவிட அதிகம். 50 டோர்னமென்ட் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், அது வெறும் சீட்டு ஓட்டமாகவும் இருக்கலாம்.