வாத்தியார் இன்னைக்கும் லீவா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். பல வாரங்களில் ஒரு நாளாவது ஒருவர் இருப்பதில்லை. கேட்டால் சி.எல். என்கிறார்கள், இல்லாவிட்டால் ஓ.டி. (வெளியில் அரசுப் பணி). இவ்வளவு லீவு கொடுத்தால் பிள்ளைகள் எப்படிப் படிக்கும்?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: கொடுக்கிற லீவு அப்படியொன்றும் அதிகமில்லை. தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு (சி.எல்.), பண்டிகைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு, 17 நாள் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.), அது போக மருத்துவச் சான்றின் பேரில் எடுப்பது. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, எந்த லீவு காசாகும், எது வீணாகும் என்பதில் இருக்கிறது. ஈ.எல். எடுக்காமல் விட்டால் 240 நாள் வரை சேர்ந்து ஓய்வு பெறும்போது பணமாக வரும். ஆண்டுதோறும் 15 நாளைச் சரண் செய்து காசாக்கும் வசதி வேறு, 2020-ல் நிறுத்தப்பட்டு 2025 அக்டோபரில் திரும்ப வந்துவிட்டது. சி.எல். அப்படியில்லை, டிசம்பர் 31 தாண்டினால் போச்சு. அப்புறம் மனிதர் எதைச் செலவழிப்பார், எதைப் பத்திரப்படுத்துவார்? அதனால்தான் அரையாண்டுத் தேர்வு நடக்கிற டிசம்பரில், மிச்சமிருக்கும் சி.எல்.லை முடித்துவிட வேண்டும் என்று விண்ணப்பங்கள் குவிகின்றன.

இப்படி ஒரு நாள், அரை நாளாகச் சிதறிப் போகும் லீவுக்கு மாற்று ஆள் கிடையாது. மகப்பேறு விடுப்பு என்றால் (2021 முதல் 12 மாதம்) பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பவாவது முயல்வார்கள். ஒரு நாள் சி.எல்.லுக்கு யார் வருவார்? அன்றைக்கு இருக்கிற ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கும்போதே எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவு) வருகைப் பதிவு போட்டாச்சா என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். இருபது பேர் வேலை பார்க்கும் மேல்நிலைப் பள்ளியில் ஒருவர் லீவு போட்டால் யாருக்கும் தெரிவதுகூட இல்லை. ஆக, ஒரே விதி, உங்கள் ஊரில் மட்டும் படிப்பு நின்றுபோகிறது.

ஓ.டி. லீவில் சேராது. பயிற்சி, கூட்டம், தேர்தல் வேலை என்று அரசே கூப்பிட்டுக்கொள்வது அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. விலக்குப் பட்டியலே இவ்வளவு பெரிது.

கேள்வி: 'இந்தியாவில் நாலில் ஓர் ஆசிரியர் பள்ளிக்கே வருவதில்லை' என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

பதில்: பழைய கணக்கு. 2003 வாக்கில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்த ஆய்வில் 25 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 15 சதவீதத்தை ஒட்டி, ஜார்க்கண்டில் 42. 2017-ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 619 பள்ளிகளைப் பார்த்தபோது பள்ளியில் இல்லாதவர்கள் 18.5 சதவீதம், அதில் காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 மட்டும். மற்றவர்கள் முறையான விடுப்பிலோ அரசு வேலையிலோ இருந்தவர்கள். திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், வாட்ஸ்அப் பார்வர்டு அதைச் செய்யாது.

கேள்வி: கேமரா வைத்தால் வழிக்கு வருவார்கள்தானே?

பதில்: ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். ஓர் ஆசிரியர் மட்டும் இருக்கும் முறைசாராப் பள்ளிகளில், தேதியும் நேரமும் பதியும் கேமராவில் தினமும் பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டும், வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். வராத நாள் 42 சதவீதத்திலிருந்து 21-ஆகப் பாதியாகிவிட்டது. ஆனால் அங்கே இருந்தவர்கள் தொண்டு நிறுவனத்தின் ஒப்பந்த ஆசிரியர்கள், வேலை செய்தது கேமராவை விடச் சம்பளக் கணக்குதான். முறையாக சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவரைக் கேமரா என்ன செய்யும்?

கேள்வி: நான் ஆசிரியை. கோடை விடுமுறை இருக்கும்போது உங்களுக்கு லீவு எதற்கு என்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அந்த விடுமுறைக்காகத்தான் மற்ற அரசு ஊழியருக்கு 30 நாள் ஈ.எல்., உங்களுக்கு 17 என்று சொல்லுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க மே மாதம் வரை காத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: கேட்ட லீவைக் கொடுக்காமல் விட முடியுமா?

பதில்: முடியும். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 67 சொல்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் லீவு கேட்பவரும் கொடுக்கும் தலைமையாசிரியரும் நாள் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறவர்கள், மறுக்க யாருக்கு மனம் வரும்? தலைமையாசிரியரின் லீவு வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகும். தருமபுரி வாசகிக்கு ஒரு யோசனை: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யார் எத்தனை நாள் வரவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவர் இல்லாத நாளில் குறுவள மையத்திலிருந்தோ (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான பொது மையம்) பக்கத்துப் பள்ளியிலிருந்தோ யாரை அனுப்புவார்கள் என்று எழுதிக் கேட்டு, தீர்மானமாகப் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.