அப்பாவைப் பாய்ப்படகில் ஏற்ற அஷ்டமி நல்ல நாள்

கேள்வி: செம்பூரில் வசிக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் தங்கை, பழைய மரப் பாய்க்கப்பல் ஒன்றில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போன படங்களை அனுப்பியிருந்தாள். பொங்கல் முடிந்து தூத்துக்குடியிலிருந்து வரும் அப்பா அம்மாவை இங்கே அப்படி ஒன்றில் கூட்டிப்போக ஆசை. அப்பாவுக்கு 74 வயது, இளவயதில் தோணியில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. மும்பையில் அப்படிக் கப்பல் உண்டா? எப்போது போகலாம்?

பதில்: டிக்கெட் எடுத்து ஏறுகிற பழங்கால மரப் பாய்க்கப்பல் மும்பையில் கிடையாது. ‘ஹெரிட்டேஜ் சன்செட் குரூஸ்’ என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாய் விரித்து ஓட்டுவீர்களா, இன்ஜினிலா? படகின் உடல் மரமா, ஃபைபரா? கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டாவுக்குப் போகும் மர லாஞ்சுகள் முழுக்க டீசலில் ஓடுபவை. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய பாய்ப்படகுகள் பெரும்பாலும் ஃபைபர் உடல் கொண்டவை.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், யோசிக்காமல் பாய்ப்படகு என்பேன். தோணியில் காற்றைப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்கு மரப்பலகையைவிட இன்ஜின் சத்தம் இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் பெரிது. பாய் காற்றைப் பிடித்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்குவதை அவர் உடம்பே அடையாளம் கண்டுகொள்ளும்.

மரக்கப்பலின் கதையையும் அவருக்கு அங்கேயே சொல்லலாம். கேட்வேயை ஒட்டி வடக்கே இருக்கும் கடற்படைத் தளத்துக்குள்தான் 1750-இல் கட்டிய பழைய உலர்துறை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் வேலை பார்க்கும் துறை, இருக்கிறது. சூரத்திலிருந்து வந்த வாடியா என்னும் பார்சிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கே மலபார் தேக்கில் கப்பல் கட்டியது. 1842-இல் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் இடையிலான நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தான கார்ன்வாலிஸ் கப்பல் இங்கே பிறந்ததுதான். திருகோணமலையின் பெயரைத் தாங்கி 1817-இல் கடலில் இறங்கிய டிரிங்கோமலி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இன்னும் தண்ணீரில் மிதப்பவற்றில் அதுதான் மிகப் பழையது. அதைச் செய்த ஊரில் ஒரு மரப் பாய்க்கப்பலையாவது மக்கள் ஏறிப் பார்க்க வைத்திருக்கலாம். இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்து, பலரும் படகில் ஏறிய பிறகு கண்டுபிடிக்கிற விஷயம். கேட்வே கிழக்குப் பார்த்தது. துறைமுகம் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் எந்தப் படகிலும் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாது. கொலாபா கட்டடங்களுக்குப் பின்னால், தாஜ் ஹோட்டல் கோபுரத்துக்குப் பின்னால்தான் அது மறையும். காட்சி அழகுதான், ஆனால் வேறு மாதிரி அழகு. முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் இருக்காது. அந்த நேரத்தில் முதுகைத் திருப்பிக் கிழக்கேயும் பார்க்கச் சொல்லுங்கள். எலிபெண்டா தீவும் எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் புட்சர் தீவும் செம்பு நிறத்தில் தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாள் குறிக்கும்போது எல்லோரும் சூரியன் மறையும் நேரத்தைப் பார்க்கிறார்கள். உங்கள் அம்மாவின் முழங்காலுக்காக நீங்கள் பார்க்க வேண்டியது கடலின் ஏற்றவற்றம். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. மும்பையில் பெரிய நாட்களில் அது 4 மீட்டரைத் தாண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே மதியம் 12, 1 மணி வாக்கில் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும்; மாலை 6, 7 மணிக்கு அடியில் கிடக்கும். அதாவது, நீங்கள் படகேறி இறங்கும் அதே நேரத்தில் படித்துறையின் கீழ்ப்படிகள் வெளியே வந்திருக்கும். பகலெல்லாம் தண்ணீருக்குள் இருந்த படிகள். பச்சைப் பாசி பிடித்து, விளிம்பில் சிப்பி ஒட்டி, கால் வைத்தால் வழுக்கும். பாய்ப்படகு கரையோடு வந்து நிற்காது, சற்றுத் தள்ளி நங்கூரத்தில் கிடக்கும். டிங்கி என்னும் சிறு படகில் இறங்கி, அதிலிருந்து படகுக்கு மாற வேண்டும். பௌர்ணமி நிலவோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வருகிற வயதானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஏற்றம் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் பிந்திக்கொண்டே போகும். ஒரு வாரம் கழிந்து அஷ்டமி வரும்போது மாலை 6, 7 மணி ஏற்ற நேரமாகிவிடும். அன்று மொத்த வித்தியாசமும் ஒன்றரை மீட்டர் அளவுதான். தண்ணீரும் அமைதியாக இருக்கும். நாள்காட்டியில் அஷ்டமி, நவமி என்று பார்த்ததும் நம் வீடுகளில் அந்தத் தேதியைத் தள்ளிவைப்பார்கள். இந்தக் காரியத்துக்கு மட்டும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வளர்பிறை, தேய்பிறை எதுவானாலும் சரி, ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. தேதி முடிவானதும் மும்பை துறைமுகத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையில் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

காற்றும் கணக்கில் உண்டு. குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் மும்பையில் மதியத்துக்குப் பிறகு மேற்கு, வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். வெயில் தாழத் தாழ அது தளர்ந்து, இருட்டும்போது அநேகமாக நின்றுபோகும். சூரியன் மறையும் நேரத்துக்கு மட்டும் படகு பிடித்தால் பாய் தொங்கிக்கொண்டிருக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பாவது கிளம்புங்கள். பிப்ரவரி நடுவில் மும்பையில் சூரியன் மறைவது மாலை 6:40 மணியை ஒட்டி. 5 மணிக்கு நீங்கள் படகில் இருக்க வேண்டும். பெற்றோர் அதுவரை தங்குவார்கள் என்றால் ஜனவரியைவிடப் பிப்ரவரியே என் தேர்வு. ஜனவரி மாலைகளில் புகைமூட்டம் சூரியனைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிறது. சனி, ஞாயிறு வேண்டாம். கேட்வேயின் பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே அம்மாவுக்குக் கால் ஓய்ந்துவிடும். ஹார்பர் லைன் ரயிலில் சிஎஸ்எம்டி நிலையம் வந்து அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் போதும்.

பாய்ப்படகை வழக்கமாக ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் மொத்தமாக மணிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். மகாராஷ்டிரா கடல்சார் வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிபெண்டா போன பயணிகள் படகில் கடற்படை வேகப்படகு மோதி உயிர்கள் போயின. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டா என்று கேட்டு, டிங்கியில் கால் வைப்பதற்கு முன்பே படித்துறையில் நின்று மாட்டிக்கொள்ளுங்கள். “எனக்கு எதுக்குடா இது, நான் பார்க்காத கடலா?” என்று அப்பா சொல்வார். அவருக்கும் மாட்டுங்கள்.

படகு சாய்வது ஓட்டத்தின் இயல்பு, கவிழப்போகிறது என்று அர்த்தமில்லை. அம்மாவை விளிம்பில் உட்கார வைக்காமல், சுக்கான் பிடிப்பவர் அருகே தாழ்வான இருக்கையில் உட்கார வையுங்கள். திசை மாற்றும்போது பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் வீசி வரும். படகோட்டி குரல் கொடுத்ததும் எல்லோரும் குனிய வேண்டும். அப்பாவைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். காற்று சீராக இருந்தால் பலர் சுக்கானைக் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள். சிறிய படகில் கழிப்பறை இருக்காது. மதியம் வயிறு நிறையச் சாப்பிடாமல், கிளம்புமுன் இரண்டு இட்லி போதும். குமட்டல் மாத்திரைகளில் சில வயதானவர்களுக்குத் தூக்கத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடற்படைக் கப்பல்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

சூரியன் கடலுக்குள் போவதைத்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னால், அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு, கார்களையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பலில் போங்கள். துறைமுக வாயின் அக்கரை அது; குளிர்காலத்தில் அங்கிருந்து தென்மேற்கே திறந்த கடல் தெரியும். கார் ஏறும் அகலமான சாய்தளத்தின் வழியாக நடந்தே ஏறலாம், டிங்கி கிடையாது. திரும்பி வரும் கடைசிக் கப்பலின் நேரத்தை மட்டும் அன்று காலையே உறுதி செய்துகொள்ளுங்கள்.