சான் ஜிமிஞானோவின் கோபுர வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இத்தாலியின் தொஸ்கானா மலையூர்களைப் பற்றிப் படக்கட்டுரை வெளியானதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றியவை: சான் ஜிமிஞானோ. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: டிசம்பரில் மனைவியோடு இத்தாலி போகிறேன். புளோரன்சிலிருந்து ஒரே நாளில் சியனா, சான் ஜிமிஞானோ, பீசா மூன்றையும் காட்டும் சுற்றுலா இருக்கிறதே, எடுக்கலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம் எடுத்தால் போதும் என்றால் எடுங்கள். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம். அந்தப் பேருந்து சான் ஜிமிஞானோவில் ஒன்றரை மணி நேரம் நின்றாலே பெரிது. அதில் பாதி கழிப்பறை வரிசையிலும் ஐஸ்கிரீம் வரிசையிலும் போய்விடும். மதிலுக்குள் ஓர் இரவு தங்குங்கள். பகல்நேரக் கூட்டம் காலை பத்து மணிக்கு மேல் ஏறி வந்து, மாலை ஐந்துக்குள் இறங்கிவிடும். அதற்கு முன்னும் பின்னும் ஊர் உங்களுடையது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் காலை நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

போகும் வழி எளிது. புளோரன்சின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் சியனா செல்லும் வட்டார ரயிலில் ஏறி, போஜிபோன்சியில் இறங்குங்கள். சுமார் ஒரு மணி நேரம். சில ரயில்களுக்கு எம்போலியில் மாற வேண்டியிருக்கும். போஜிபோன்சி நிலைய வாசலிலிருந்து 130ஆம் எண் பேருந்து, ஏறக்குறைய 25 நிமிடம். சிக்கல் வருவது மூன்று இடங்களில். காகித ரயில் டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டே என்றாலும் அபராதம் போடுவார்கள். பேருந்து டிக்கெட்டை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி வையுங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் பேருந்து குறைவு. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை இறங்கியவுடனே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிகளைப் புளோரன்ஸ் விடுதியிலேயே விட்டுவிட்டு முதுகுப்பையோடு போங்கள். பேருந்து தெற்கு வாசலான போர்த்தா சான் ஜொவான்னிக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து கல் பாவிய மேட்டுத் தெரு. சக்கரப் பெட்டி அதில் படும் பாட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊரில் ஏன் இத்தனை கோபுரங்கள்? காவலுக்கா? (வாசகி, ஜெலுத்தோங்)

காவலுக்கும்தான், ஆனால் எதிரி மதிலுக்கு வெளியே இருந்ததைவிட அடுத்த தெருவில் இருந்ததே அதிகம். வடக்கிலிருந்து ரோமுக்கு யாத்திரீகர்கள் நடந்து சென்ற பிரான்சிஜெனா பாதை இந்த ஊர் வழியாகப் போனது. யாத்திரீகர் வரவும் குங்குமப்பூ வணிகமும் சேர்ந்து சில குடும்பங்களிடம் பணம் கொழித்தது. போப்பாண்டவருக்குக் கட்சி அர்திங்கெல்லி குடும்பம், புனித ரோமப் பேரரசருக்குக் கட்சி சல்வூச்சி குடும்பம். இரண்டு குடும்பமும் ஆளுக்கு இரட்டைக் கோபுரம் எழுப்பின. எர்பே சதுக்கத்தில் அருகருகே நிற்பவை சல்வூச்சிகளுடையவை. போட்டி முற்றியதும் 1255இல் ஊர் மன்றம் சட்டம் போட்டது: ரோக்னோசா கோபுரத்தைவிட உயரமாக எந்தக் குடும்பமும் கட்டக்கூடாது. அது 50 மீட்டரைச் சற்றே தாண்டியது. பிறகு ஊர் மன்றமே தனக்கென்று தோரே கிரோசா என்ற 54 மீட்டர் கோபுரத்தை 1311இல் கட்டி முடித்தது. சட்டம் குடும்பங்களுக்குத்தானே!

ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று எஞ்சியவை 14. இவையாவது தப்பியதற்குக் காரணம் ஊரின் துரதிர்ஷ்டம். 1348இல் கொள்ளைநோய் ஏராளமானோரை வாரிக்கொண்டு போனது. 1353இல் ஊர் புளோரன்சின் ஆளுகைக்குள் போனது. வழிப்போக்கரும் பள்ளத்தாக்குச் சாலைக்கு மாறினர். பழையதை இடித்துப் புது பாணியில் கட்ட யாரிடமும் காசில்லை. 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்த வறுமை காத்துக் கொடுத்ததைத்தான்.

உள்ளே எப்படி வாழ்ந்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வசதியாக அல்ல. அடிச்சுவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமன். நடுவில் மிஞ்சுவது ஒரு குறுகிய அறை. தரைத்தளத்தில் கடை அல்லது பட்டறை, மேலே படுக்கை, அதற்கும் மேலே சமையல். தீப்பிடித்தால் நெருப்பு மேல்நோக்கித்தான் போகும் என்பதால் அடுப்பு உச்சியில். மாடிக்கு மாடி மர ஏணி. இதைக் கண்ணால் காண விரும்பினால் சான் ஜொவான்னி தெருவிலுள்ள கம்பத்தெல்லி வீட்டுக்குப் போங்கள். இடைத்தளங்கள் இல்லாமல், கீழே நின்று அண்ணாந்தால் 28 மீட்டர் வெற்றுக் குழாயாகக் கோபுரம் தெரியும்.

கேள்வி: படங்களில் கோபுரச் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாக ஓட்டைகள். அம்பு எய்யவா? (மாணவர், செந்தூல், கோலாலம்பூர்)

இல்லை. அம்புத் துளை செங்குத்தான ஒடுக்கமான கீறலாக இருக்கும், உட்பக்கம் விரிந்திருக்கும். நீங்கள் பார்த்தவை சாரத் துளைகள். சுவர் உயர உயர, கொத்தனார்கள் குறுக்கு மரங்களைச் சுவரிலேயே செருகி, அதன்மேல் பலகை போட்டு நின்று அடுத்த வரிசையைக் கட்டினார்கள். கை எட்டும் உயரம் முடிந்ததும் அடுத்த வரிசை மரம். தரையிலிருந்து 50 மீட்டருக்குச் சாரம் கட்ட வேண்டியதில்லை, மரமும் மிச்சம். வேலை முடிந்ததும் மரத்தை உருவிவிட்டு, பழுதுபார்க்க உதவும் என்று துளையை அப்படியே விட்டார்கள். இன்று புறாக்கள் குடியிருக்கின்றன.

அடுத்த படத்தில் இதைக் கவனியுங்கள். சீரான இடைவெளியில் சிறிய துளைகள் வரிசையாக இருந்தால் சாரம். பெரிய துளைகள், அவற்றுக்குக் கீழே துருத்திய கல் தாங்கிகள், பக்கத்தில் அந்தரத்தில் திறக்கும் ஒரு கதவு, இவை சேர்ந்திருந்தால் அங்கே ஒரு மர நடைமாடம் தொங்கியது என்று அர்த்தம். உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே நீட்டிக்கொண்டார்கள். மரம் மக்கிப் போய்விட்டது. கதவு மட்டும் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிறது.

சுவரும் முழுக்கக் கல் அல்ல. வெளியே ஒரு கல் தோல், உள்ளே ஒரு கல் தோல், நடுவே சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். இரண்டு மீட்டர் சுவரின் நடுப்பகுதி இறுகப் பல ஆண்டுகள் ஆகும். அவசரமாக எழுப்பினால் கீழ்ப்பகுதி பதமாக இருக்கும்போதே மேலே பாரம் ஏறிச் சுவர் பிதுங்கும்.

கேள்வி: 700 ஆண்டுச் சுவர் நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் எங்கள் குடும்பக் கடைவீட்டுச் சுவர், சிமெண்ட் பூசி ஐந்தே வருடத்தில் பொரிந்து உதிர்கிறதே? (வாசகர், லெபோ பாசார்)

பயணப் பகுதிக்கு வந்த கேள்வியானாலும் விடக்கூடாத கேள்வி. உங்கள் கடைவீடும் சுண்ணாம்பில் கட்டியதுதான். பழைய செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும்; ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் நோய் இரட்டிப்பு.

முதலில் பினாங்கு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேளுங்கள். பாரம்பரிய வட்டாரத்தில் அனுமதியின்றிக் கைவைக்க முடியாது. அனுமதி கிடைத்தபின், ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை சிமெண்டைக் கையால் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் வைத்தால் செங்கல் உடையும். சுவரை உலரவிடுங்கள், மாதக்கணக்கில் ஆனாலும் சரி. பிறகு ஒரு பங்கு ஊறவைத்த சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பூச்சையும் வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் காத்து, அடுத்ததைப் பூசுங்கள். வேகமாகக் காய்ந்தால் வலைபோல வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், வேறெதுவும் வேண்டாம்.

இத்தாலியிலும் எல்லாச் சுவரும் நிற்கவில்லை. பக்கத்து வோல்தெர்ராவில் 2014இல் அடைமழைக்குப் பிறகு இடைக்கால மதிலின் ஒரு பகுதி சரிந்தது. மதிலுக்குப் பின்னால் மண், மண்ணுக்குள் நீர். நீர் வெளியேற வழியில்லாவிட்டால் எந்த மதிலும் தாங்காது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஏற முடியுமா? (வாசகி, பாயான் லெப்பாஸ்)

தோரே கிரோசாவுக்கு 218 படிகள். பத்துமலையின் 272ஐவிடக் குறைவுதான். ஆனால் அங்கே திறந்தவெளி, நின்று மூச்சு வாங்கலாம். இங்கே கோபுரத்தின் வயிற்றுக்குள் இரும்புப் படிக்கட்டு, கடைசியில் செங்குத்தான ஏணி. அம்மாவை ஏற்ற வேண்டாம். அவர் சிஸ்தெர்னா சதுக்கத்திலேயே இருக்கட்டும். நடுவிலுள்ள எண்கோண மேடைக் கிணறு 1273இல் கட்டி 1346இல் பெரிதாக்கியது. விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களில் விரலை வைத்துப் பார்க்கலாம். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால் ரோக்கா கோட்டைப் பூங்காவுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள். மேடுதான், ஆனால் மெதுவாக நடக்கலாம், கட்டணமும் இல்லை.

கேள்வி: தேவாலயத்துக்குள் சுவர் முழுக்க ஓவியம் என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது? (ஆசிரியை, ஆயர் ஈத்தாம்)

கொலெஜியாத்தா தேவாலயத்தில் வாசலிலிருந்து உள்ளே பார்த்து நின்றால் இடப்புறம் பழைய ஏற்பாடு (பார்த்தொலோ தி பிரெதி, 1367), வலப்புறம் புதிய ஏற்பாடு. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்டம் கட்டமாகச் சொன்ன கதை. ஆனால் நேரமில்லாவிட்டால் சாந்தா பீனா சிற்றாலயத்துக்கு நேரே போங்கள். கிர்லாந்தாயோ வரைந்த புனித பீனாவின் இறுதிச் சடங்குக் காட்சியில் பின்னணியில் இந்த ஊரின் கோபுரங்களே நிற்கும். ஊர் அருங்காட்சியகத்தில் இன்னொன்று: தாத்தேயோ தி பார்த்தொலோவின் பலிபீட ஓவியத்தில் புனித ஜிமிஞானோ ஊரையே மடியில் வைத்திருப்பார். இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே வந்து எண்ணினால் எவையெல்லாம் காணாமல் போயின என்பது புரியும்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு, பார்வையாளருக்குப் பிற்பகல்தான்.

கேள்வி: வாடகைக் கார் நல்லதா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

வோல்தெர்ரா, மொந்தெரிஜோனி போன்ற ஊர்களையும் சேர்த்துப் பார்ப்பதானால் நல்லது. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள், மலேசிய உரிமத்தையும் சேர்த்து. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்: வெள்ளை வட்டத்தில் சிவப்பு விளிம்பு, ‘செட் டி எல்’ பலகை, அதாவது வெளிவண்டிகளுக்குத் தடையான பகுதி. அதைத் தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். வாடகை நிறுவனம் முதலில் தன் கட்டணத்தைக் கார்டில் பிடிக்கும், மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வீட்டுக்கே வரும். வழிகாட்டிச் செயலி விடுதி வாசல்வரை கொண்டுபோகப் பார்க்கும், நம்பாதீர்கள். சான் ஜிமிஞானோவில் மதிலுக்கு வெளியே பி1 நிறுத்துமிடம் விலை குறைவு, நடை அதிகம். பி2 வாசலுக்குப் பக்கம். நீலக் கோடு கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கல்ல.

கேள்வி: மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிட மாட்டோம். பட்டினியா? (வாசகி, பட்டர்வொர்த்)

இல்லை. ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, ரொட்டியும் அவரையும் கீரையும் சேர்ந்த ரிபொல்லீத்தா இரண்டும் வயிறு நிறைக்கும். ‘சென்ட்சா கார்னே?’ (இறைச்சி இல்லாமலா?) என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சில சமையலறைகளில் பன்றிக் கொழுப்பு அல்லது இறைச்சிச் சாறு சேரும். ‘சிங்கியாலே’ என்றால் காட்டுப்பன்றி. தொஸ்கானா ரொட்டியில் உப்பே இருக்காது. ஊறுகாய்ப் புட்டி எடுத்துப் போகிறவர்களை நாங்கள் தடுக்க மாட்டோம்.

கேள்வி: ரோமில்தான் தங்குகிறோம். இவ்வளவு தூரம் வர முடியாது. (வாசகர், கெப்போங்)

ஒர்வியேத்தோ போங்கள். ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் அளவில். நிலையத்துக்கு எதிரிலேயே, பினாங்குக் கொடிமலையில் இருப்பதுபோல் மலை ரயில். மேலே இறங்கியதும் பக்கத்தில் சான் பத்ரீசியோ கிணறு. 53 மீட்டர் ஆழம். ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள் படிக்கட்டுகள், ஒன்றில் 248 படி. தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறின. திரும்பி ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்து இறங்குங்கள்.